ராணிக்குப் பெரட்டு இல்லை

படக்கதைகளில் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள். ஏழு கடல், ஏழு மலை, மந்திரவாதியின் குகை, ஒற்றைக் கண் பூதம் என்று எது குறுக்கே வந்தாலும் சரி, கடைசிக் கட்டத்தில் இளவரசன் குதிரையை விட்டு இறங்குவான். கோட்டை வாசலில் ஆரத்தித் தட்டோடு ராணி நிற்பாள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை நிற்கும். கீழே 'முற்றும்' என்று போட்டிருக்கும். அந்த 'முற்றும்' மீது எனக்குச் சின்ன வயதிலிருந்தே கோபம். ஏனென்றால் என் அப்பாவும் ஒருநாள் திரும்பி வந்தார். என்னைக் கடல் தாண்டி அக்கரைக்கு, இந்தியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கல்யாணம் கட்டி வைப்பதற்காகவே வந்தார். கடைசிக் கட்டத்துக்குப் பிறகு வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யவேண்டும் என்று எந்தப் படக்கதையும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அம்மாதான் சொல்லித் தந்தாள்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில் ஹாலிஎலைக்கு மேலே இருந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்த கையோடு இந்திய வம்சாவளியான எங்கள் ஆட்களுக்கு ஓட்டுரிமை போனது. அதற்கு ஒன்றிரண்டு வருஷம் கழித்து, கடைசிக் காலத்தை ஊரில் கழிக்கிறேன் என்று திருச்சிப் பக்கம் போயிருந்த என் தாத்தா அங்கே இறந்துபோனதாகச் செய்தி வந்தது. அப்பா காரியம் செய்யப் புறப்பட்டார். எனக்கு ஐந்து வயது. "தை பொறந்தா வந்துருவேன், தாயி" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார். தை பிறந்தது. அதற்கடுத்த தையும் பிறந்தது. தாத்தாவின் துண்டு நிலம், பங்காளிச் சண்டை, கிடைக்காத அனுமதி என்று ஊரிலிருந்து வருகிறவர்களிடம் ஒவ்வொரு காரணமாகச் சொல்லி அனுப்பினார். பிறகு காரணம் வருவதும் நின்றுபோனது.

அம்மா தாலியைக் கழற்றவும் இல்லை, அழுதுகொண்டு உட்காரவும் இல்லை. ஆம்பிளை இல்லாத குடும்பத்துக்குத் தனிக் காம்பிரா எதற்கு, அண்ணன் வீட்டோடு ஒதுங்கிக்கொள் என்று கங்காணி சொன்னபோது, "வேலைக்குத்தானே காம்பிரா குடுத்தாங்க? வேலைக்கு நான் வர்றேன்ல?" என்று கேட்டாள். லயம் என்ற அந்த வரிசை வீட்டில் எங்கள் ஒற்றை அறையும் அதன் முன்னால் இருந்த சின்ன இஸ்தோப்புத் திண்ணையும் எங்களிடமே இருந்தன.

படக்கதைகள் எங்களுக்கு மல்லியோடும் மிளகாயோடும் வந்தன. சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு பதுளைக் கடைவீதிக்குப் போவோம். அங்கே எங்கள் ஆட்கள் சாமான் வாங்கும் கடை ஒன்று உண்டு. அந்த முதலாளி குடும்பத்துக்கும் பூர்வீகம் தமிழ்நாடுதான். மதராஸிலிருந்து வரும் வாரப் பத்திரிகைகளைப் படித்து முடித்ததும் கிழித்து அடுக்கி, சாமான் சுற்றக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு பத்திரிகையிலும் ஒரு பக்கம் படக்கதை. அந்தப் பக்கம் அடுக்கில் எங்கே இருக்கிறது என்று எட்டி எட்டிப் பார்ப்பேன். முதலாளி சிரித்துக்கொண்டே, "பாப்பா, ஒனக்கு மல்லி வேணுமா, மந்திரவாதி வேணுமா?" என்பார். ரெண்டும் வேண்டும் என்பேன்.

தாள்கள் எந்த வாரத்தது என்று யாருக்குத் தெரியும்? எங்கள் லயத்தில் இளவரசன் முதலில் திரும்பி வந்தான். அடுத்த மாதம் புறப்பட்டுப் போனான். அதற்கடுத்த மாதம் மிளகாய்த் தாளில் அவனுக்குக் கல்யாணம் நடந்தது.

ஞாயிறு மத்தியானம் இஸ்தோப்பில் பெண்கள் ஒருவருக்கொருவர் பேன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் தாளை நீவிவிட்டு உரக்கப் படிப்பேன். படத்தையும் காட்டுவேன். பக்கத்துக் காம்பிரா அக்காவுக்கு வாய் துடுக்கு. "இப்பதானடி வந்தான், அதுக்குள்ள எங்க கெளம்பிட்டான்?" என்று இளவரசனைத் திட்டுவாள்.

அந்த ராணி எந்தத் தாளிலும் உப்பரிகையில் ஒரே மாதிரிதான் நிற்பாள். ஒரு கை தூணில், ஒரு கை நெஞ்சில். பல வருஷம் கழிந்தன என்று மேலே எழுதியிருக்கும், ஆனால் தலையில் வைத்த பூ வாடியிருக்காது. இடுப்பில் இருந்த பிள்ளை இடுப்பிலேயே இருக்கும்.

"இவ இப்படியே நின்னா சோறு யாரு ஆக்குறது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அவளுக்கென்ன, ராணிக்குப் பெரட்டு இல்லடி!" என்றாள் அக்கா. விடிவதற்கு முன்னே தப்பு அடித்து, எல்லோரையும் களத்தில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிறார்களே, அந்தப் பெரட்டு. அன்றைக்கு எல்லோரும் சிரித்த சிரிப்பில் அடுத்த லயத்து ஆட்களும் எட்டிப் பார்த்தார்கள்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தாளை வாங்கி உற்றுப் பார்த்துவிட்டு, "இவன் வர்ற வரைக்கும் இந்தப் புள்ளைக்குக் காய்ச்ச வந்தா யாரு பாத்தது?" என்று கேட்டாள். நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் தலைவலித் தைல விளம்பரம் இருந்தது. அந்தக் கேள்விக்கு ஒரு கட்டம்கூட ஒதுக்காமல் பூதத்துக்கு நான்கு கட்டம் ஒதுக்கியிருந்த ஆள் யாரோ, அவன் மீது எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

அந்த ஆத்திரத்தில்தான் நானே படக்கதை போடத் தொடங்கினேன். தாளுக்கு எங்கே போவது? பள்ளிக்கூடத்துச் சிலேட்டு இருந்தது. ஒரு கட்டம் வரைவேன், எல்லோருக்கும் காட்டுவேன், அழிப்பேன், அடுத்த கட்டம் வரைவேன். என் கதையில் இளவரசன் போகிறதோடு சரி. அவன் எந்தக் கடலில் யாரோடு சண்டை போட்டால் எனக்கென்ன? என் ராணி கோட்டையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கூடையோடு மலைக்குப் போனாள். அட்டை கடித்த காலில் சுண்ணாம்பு வைத்தாள். மழைக்கு ஒழுகிய கோட்டைக் கூரையில் தகரம் வைத்துக் கல் ஏற்றினாள். காய்ச்சல்காரப் பிள்ளையைக் கம்பளியில் சுற்றி மருந்துச் சாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மந்திரிக்கு மட்டும் எங்கள் கங்காணியின் மீசை.

மீசை விஷயம் மீசைக்காரர் காதுக்குப் போயிற்று. "ஒம் மக என்னையப் படம் போட்டுக் காட்டுறாளாமே?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"சிலேட்டுதானுங்க ஐயா, அழிச்சிருவா" என்றாள் அம்மா. வீட்டுக்கு வந்து என்னிடம், "மீசைய இன்னுங் கொஞ்சம் பெரிசாப் போடு" என்றாள்.

அப்பா வந்தது எனக்குப் பதின்மூன்று வயதில். அப்போது நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைத் தாண்டி ஹாலிஎலையில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் லயத்திலிருந்து அப்படிப் போன முதல் பெண்பிள்ளை நான்தான். அன்று சனிக்கிழமை. பள்ளி இல்லாத நாட்களில் அம்மாவுக்குக் கைகொடுக்க நானும் மலைக்குப் போவேன்.

படக்கதையில் வீரன் எந்த நேரத்தில் வந்தாலும் ஊரே வாசலில் கூடி நிற்கும். அப்பா வந்தது முற்பகல். புது வேட்டி, தலையில் எண்ணெய், கூலியாள் தலையில் தகரப் பெட்டி. லயத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. அந்த நேரத்தில் எந்தத் தோட்டத்து லயத்தில்தான் ஆள் இருக்கும்? பெண்கள் கொழுந்து மலையில், ஆண்கள் செடி வெட்டும் கவ்வாத்து மலையில், பிள்ளைகள் பிள்ளைக் காம்பிராவில். லயத்திலேயே பிறந்து வளர்ந்த மனுஷருக்கு அது மறந்துபோயிருந்தது. பூட்டின கதவுக்கு முன்னால் பெட்டியைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா வந்து, "யாருங்க நீங்க? யாரப் பாக்கணும்?" என்று கேட்டிருக்கிறாள். சொந்த வாசலில் அந்தக் கேள்விக்கு அவர் முகம் போன போக்கை ஆயாம்மா பின்னால் பல தடவை நடித்துக் காட்டினாள்.

தேத்தண்ணி வாளி தூக்கி வந்த ஆள் மலைக்குச் செய்தியைக் கொண்டுவந்தார். தூரத்திலிருந்தே கத்தினார். "ஏ தங்கச்சி! ஒன் வீட்டுக்காரரு வந்திருக்காரு! ஒங்க வாசல்ல குந்தியிருக்காரு!"

எல்லாக் கைகளும் நின்றன. அம்மாவின் கை மட்டும் நிற்கவில்லை. இரண்டு கையாலும் கிள்ளிக் கூடையில் எறிந்துகொண்டே இருந்தாள். கங்காணி மேலிருந்து இறங்கி வந்தார். "போம்மா, போ. இன்னிக்கு அரை நாள் வேலைக்கே முழுப்பேரு போட்டு முழுக்கூலி குடுக்கச் சொல்றேன். போய் ஆலாத்தி எடு" என்றார். அவர் மனதில் ஈரம் இல்லாமல் இல்லை.

"நெரை பாதியில நிக்குதுங்க ஐயா" என்றாள் அம்மா. நெரை என்றால் ஒருத்திக்குப் பிரித்துக் கொடுத்த செடி வரிசை.

"நெரை எங்க போயிரும்? கல்லானாலும் கணவன்மா."

"கல்லா இருந்தா இங்கனயே கெடந்திருக்குமுங்க. அது எங்க போவப் போவுது?"

மலையே சிரித்தது. கங்காணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது, மீசையைத் தடவி மறைத்துக்கொண்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கால் லயத்துப் பக்கம் இழுத்தது. அப்பாவைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போறதுன்னா போ. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்றாள். நான் போகவில்லை. அம்மாவின் வரிசைக்கு அந்தப் பக்கம் நின்று கிள்ளத் தொடங்கினேன். கண்ணீரில் கொழுந்தும் தெரியவில்லை, முற்றலும் தெரியவில்லை. அன்றைக்கு என் கூடையில் பாதி கழிவுதான் இருந்திருக்கும்.

சாயந்தரம் நிறுவை முடிந்துதான் இறங்கினோம். எங்களுக்குப் பின்னால் கொழுந்துக்காரப் பெண்கள் அத்தனை பேரும் திருவிழாவுக்குப் போகிற மாதிரி வந்தார்கள். அக்கா முன்னால் ஓடிப்போய் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, கர்ப்பூரம் ஏற்றித் தட்டோடு தயாராக நின்றாள். அப்பா எழுந்து நின்றார். எனக்கு நினைவிலிருந்த ஆளை விடக் குள்ளமாக இருந்தார். அம்மா பீலியில் கொட்டும் ஊற்றுத் தண்ணீரில் காலைக் கழுவினாள், இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள், கதவைத் திறந்தாள்.

"வாங்க. உள்ள வாங்க. ரொம்ப நேரமாக் காத்திருக்கீங்க போல. தண்ணி குடிக்கிறீங்களா?"

அசலூரிலிருந்து வந்த உறவுக்காரரை அப்படித்தான் கூப்பிடுவாள். அக்கா தட்டை நீட்டிக்கொண்டே நின்றாள். கர்ப்பூரம் எரிந்து தீர்ந்தது. "கையச் சுட்டுக்காதக்கா, கீழ வச்சிரு" என்றாள் அம்மா.

விளக்கு வைத்ததும் அப்பா பெட்டியைத் திறந்தார். கங்காணியையும் என் மாமாவையும் அதற்குள் ஆள் விட்டு அழைத்திருந்தார். ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, தேங்காய் வைத்து, அதன் மேல் அரக்குக் கரை போட்ட பாவாடையும் தாவணியும் வைத்தார். "ஊர்ல எங்க அக்கா வீட்ல குடுத்து விட்டாங்க. அவங்க பையன் நெலத்தப் பாத்துக்கிறான், நல்ல பையன். ரெண்டு பேரையும் கொண்டு போகத்தான் வந்தேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "எடுத்துக்க தாயி" என்றார்.

எங்களிடையே அது வெறும் துணி எடுக்கிறது இல்லை. பெரிய மனுஷர்கள் பார்க்க, மாப்பிள்ளை வீட்டுத் துணியைப் பெண் கையில் வாங்கினால் பேச்சு முடிந்தது. பிறகு மறுத்தால் இரண்டு குடும்பத்துக்கும் அவமானம். பதின்மூன்று வயதில் எனக்கு அது நன்றாகவே தெரியும். புதுத் துணி வாசனை மூக்கில் ஏறியது. கங்காணி தொண்டையைச் செருமினார். மாமா தரையைப் பார்த்தார்.

"எனக்கு வேணாம்ப்பா" என்றேன்.

அப்பா சிரித்தார். "புள்ள வெக்கப்படுது."

"வெக்கம் இல்லைங்க. வேணாங்குது" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு அப்பாவுக்குக் கோபம் வந்தது. "இங்க என்ன இருக்கு புள்ள நமக்கு? ஓட்டு இருக்கா? நாடு இருக்கா? இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு எல்லாத்தையும் கப்பல் ஏத்தி அனுப்பத்தான் போறானுக. அதுக்கு முன்னால நாமளாப் போனா மரியாதை. சொந்த ஊருக்குப் போறதுல ஒனக்கு என்ன கஷ்டம்?"

அவர் சொன்னதில் பாதி பின்னால் நடந்தது, எங்கள் ஆட்களை லட்சக்கணக்கில் கப்பல் ஏற்றினார்கள். அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் அன்றைக்கு அம்மா சொன்னதுதான் எனக்கு இன்றைக்கும் சரி.

"எது சொந்த ஊரு? நான் கண்ணால பாக்காத எடம் எனக்கு எப்பிடிங்க ஊரு? எங்க அம்மாவையும் அப்பனையும் பொதைச்சது இந்த மலைக்கு அடியில. அனுப்புறவன் வந்து அனுப்பட்டும், நானா எந்திரிச்சுப் போக மாட்டேன். எம் புள்ள பள்ளிக்கூடத்த விட்டுட்டு எவன் வீட்டுக்கும் சாணி தட்டப் போகாது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு குரலைத் தணித்தாள். "நீங்க இருக்கிறதுன்னா இருங்க. தொரத்த மாட்டேன். நாளான்னைக்குக் காலைல பெரட்டுக்கு வந்து பேரு குடுங்க. கங்காணி ஐயாவும் இங்கதான் இருக்காரு."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் தன் புது வேட்டியைப் பார்த்துக்கொண்டார். தாம்பாளம் தொடுவார் இல்லாமல் நடுவில் கிடந்தது.

அப்பா நாலைந்து நாள் இருந்தார். பெரட்டுக்குப் போகவில்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு சாயந்தரம், நான் சேர்த்து வைத்திருந்த மல்லித் தாள்களை இஸ்தோப்பில் பரப்பிப் படித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "இத நான் அங்க வாரா வாரம் படிப்பேன் தாயி. டீக்கடையில புதுப் புத்தகம் வந்த ஒடனே. இந்த ராணி இடுப்புல இருக்கிற புள்ளையப் பாக்கும்போதெல்லாம் ஒன் நெனப்புதான் வரும்."

அதைக் கேட்டு எனக்கு வந்தது பாசமா, ஆத்திரமா என்றால் இரண்டும்தான். நாங்கள் மிளகாய் நெடியோடு கந்தலாகப் படித்ததை அவர் மை காயும் முன்னே டீக்கடையில் சாய்ந்து உட்கார்ந்து படித்திருக்கிறார். அந்த டீக்கடையிலிருந்து எழுந்து வர அவருக்கு எட்டு வருஷம் ஆகியிருக்கிறது.

"அந்தப் புள்ள ஏம்ப்பா வளரவே இல்ல?" என்று கேட்டேன்.

அவர் தாளைப் பார்த்தார். "வரையிறவனுக்குத் தோணல போல."

"வீட்ல இருந்திருந்தா தோணியிருக்கும்" என்றேன்.

அப்பா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கி, ஓரம் தட்டி, என் கையில் கொடுத்தார். அன்றிரவு பெட்டியைக் கட்டினார்.

புறப்பட்ட அன்று அம்மா விடியலிலேயே எழுந்து ரொட்டி சுட்டு, சம்பல் வைத்து, வழிக்குக் கட்டிக் கொடுத்தாள். ஒரு துணிப்பையில் தேயிலைத் தூளும் கொடுத்தாள். "ஒடம்பப் பாத்துக்கங்க" என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. உடைந்த குரலோடேயே கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள். நான் பெட்டியின் ஒரு பக்கக் காதைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் வரை அப்பாவோடு நடந்தேன். ரயில் வந்ததும் என் தலையைத் தடவி, "அம்மாவப் பாத்துக்க தாயி" என்றார்.

"அவங்கதாம்ப்பா என்னப் பாத்துக்கிறாங்க" என்றேன். அப்படிச் சொன்னதற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. பெட்டிக்குள் அந்தப் பாவாடை தாவணி போட்டிருந்த மடிப்புக் கலையாமல் திரும்பிப் போனது. ரயில் வளைவில் மறைகிற வரைக்கும் நின்று அழுதேன். அழுகை வருவதற்கும் கூடப் போவதற்கும் சம்பந்தமில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அழுதுகொண்டே திரும்பி நடந்து பள்ளிக்கூடத்துக்குப் போனேன், தாமதமாகப் போனதற்கு வகுப்புக்கு வெளியே நின்றேன்.

மறுநாள் காலை பெரட்டுக் களம் வரைக்கும் அம்மாவோடு போனேன். பனியில் எல்லோரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். தோட்டம் முழுக்க விஷயம் பரவியிருந்தது. ஆண்கள் வரிசையில் குசுகுசுவென்று பேச்சு. கங்காணி அம்மாவுக்கு முன்னால் வந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "என்னம்மா, தேடி வந்த புருசனையும் அனுப்பி வச்சிட்டியாமே? இனிமே ஒன்ன என்னன்னு சொல்றது?" என்று கேட்டார்.

அம்மா கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டாள்.

"வந்தவரு போயிட்டாருங்க. இருக்கிறவ இருக்கேன். இன்னிக்கு எந்த மலைன்னு சொல்லுங்க."